மருந்தால் வரும் நுரையீரல் அழற்சி: எதிர்ப்பாற்றல் எந்த வழியில் செல்கிறது என்பதையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகளை, நுரையீரல் மருத்துவத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் தொடர்ந்து படித்து வருகிறேன். கல்லீரல் பாதிப்பைப் பற்றியும் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றியும் தோலில் எழும் தடிப்புகளைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதும் அக்கட்டுரைகள், நுரையீரல் என்று வரும்போது ‘சிலருக்கு மூச்சுத்திணறல் ஏற்படலாம்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. யாருக்கு, எந்த மருந்தால், எத்தனை நாள் கழித்து, ஏன் என்ற கேள்விகள் எழுப்பப்படுவதே இல்லை. இந்த ‘ஏன்’ என்பது ஆய்வுக்கூடத்தோடு முடிந்துபோகிற கேள்வியாக இருந்தால் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். நுரையீரல் எந்த வழியில் அழற்சி அடைந்தது என்பதைப் பொறுத்தே மருந்தை நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா, ஸ்டீராய்டு கொடுப்பதா, அம்மருந்தை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதா என்பவை தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே சற்று விரிவாக எழுத அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து வெளியேறும் இரத்தம் முழுவதும் நுரையீரல் வழியாகச் சென்றுதான் இடப்பக்கத்திற்கு வந்து சேர்கிறது. எனவே இரத்தத்தில் கலந்த மருந்து ஒவ்வொரு சுற்றிலும் நுரையீரலைக் கடந்தே தீர வேண்டும். அங்கே ஏறத்தாழ 30 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. விரித்துப் பரப்பினால் அவற்றின் பரப்பு சுமார் 70 சதுர மீட்டர் வரும். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வின் தடிமன் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய இடத்தில் சிறிது நீர் கோத்தாலும், சில அடுக்கு உயிரணுக்கள் வந்து குவிந்தாலும், ஆக்சிஜன் கடந்து செல்வது தடைபடும். தோலில் வந்தால் அரிப்போடு போய்விடக்கூடிய ஓர் அழற்சி, நுரையீரலில் வந்தால் உயிரையே கேட்கிறது.

இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் தூசி, மகரந்தம், பூஞ்சை வித்துகள் எல்லாம் உள்ளே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பாற்றல் சினந்தெழுந்தால் நுண்ணறைகள் எந்நேரமும் நீர் கோத்துக் கிடக்கும். ஆகவே நுரையீரலின் இயல்பான நிலையே அடக்கம்தான். நுண்ணறைகளில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு அணுக்கள், வந்த தூசியைச் சத்தமின்றி விழுங்கி அப்புறப்படுத்துவதோடு, டி செல்கள் என்னும் எதிர்ப்பாற்றல் வெள்ளணுக்கள் தேவையின்றிக் கிளர்ந்தெழாதபடி அடக்கும் சமிக்ஞைகளையும் வெளியிடுகின்றன. ஒழுங்காற்று டி செல்கள் எனப்படும் தனிப்பிரிவும் இதே வேலையைச் செய்கிறது. மருந்தால் வரும் நுரையீரல் அழற்சியில் பெரும்பகுதி, இந்த அடக்கம் ஏதோ ஒரு வழியில் குலைவதால் வருவதே. மருந்து நேரடியாக அணுக்களைக் கொல்லும் இடங்களிலும்கூட, பிறகு நடக்கும் சேதத்தில் எதிர்ப்பாற்றலின் பங்கு பெரியது.

இங்கே ஓர் அடிப்படைக் கேள்வி எழுகிறது. பெரும்பாலான மாத்திரைகளின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவ்வளவு சிறிய மூலக்கூற்றை எதிர்ப்பாற்றல் தனியாக அடையாளம் காண்பதில்லை. அப்படியிருக்க அது எப்படிப் பகையாகத் தெரிகிறது? இரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதற்கு ஒரு விடை தந்தார். சிறிய மூலக்கூறு உடலின் சொந்தப் புரதம் ஒன்றோடு ஒட்டிக்கொள்ளும்போது அப்புரதமே அயல்பொருளாகத் தோன்றுகிறது என்பதே அவ்விடை. அப்படி ஒட்டும் மூலக்கூற்றை ஹாப்டென் என்கிறோம். பெனிசிலின் இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. சில மருந்துகள் தாமாக ஒட்டுவதில்லை. கல்லீரலிலோ நுரையீரலிலோ சிதைந்து, வினைத்திறன் மிக்க துணைப்பொருளாக மாறிய பின்னரே ஒட்டுகின்றன. ஆகவே, ஒருவரின் உடல் மருந்தைச் சிதைக்கும் விதமும் அவருக்கு வரும் ஆபத்தைத் தீர்மானிக்கும்.

இந்த விளக்கம் எல்லா மருந்துகளுக்கும் பொருந்தவில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வெர்னர் பிக்லர் முன்வைத்த கருத்து வேறு. சில மருந்துகள் எப்புரதத்தோடும் நிரந்தரமாக இணையாமலேயே, டி செல்லின் ஏற்பியிலோ எச்.எல்.ஏ. எனப்படும் அடையாளப் புரதத்திலோ நேரடியாகச் சென்று தற்காலிகமாகப் பொருந்தி, டி செல்லைத் தூண்டிவிடுகின்றன என்றார் அவர். எச்.ஐ.வி. சிகிச்சைக்குத் தரப்படும் அபாகாவிர் மூன்றாவது வழி ஒன்றைக் காட்டியது. எச்.எல்.ஏ-பி 57:01 என்ற அடையாளப் புரதத்தின் பள்ளத்துக்குள் அம்மருந்து போய் அமர்ந்து, அப்புரதம் தாங்கிக் காட்டும் துண்டுகளையே மாற்றிவிடுகிறது. உடல் தன்னையே அந்நியமாகக் காண்கிறது. காய்ச்சல், தடிப்பு, வயிற்றுக் கோளாறு ஆகியவற்றோடு இருமலும் மூச்சுத்திணறலும் இந்த எதிர்வினையில் வருவதுண்டு. 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மருந்தைத் தொடங்கும் முன்பே இந்த மரபணுக் கூறு உள்ளதா என்று சோதித்து, இருந்தவர்களுக்கு மருந்து தராமல் தவிர்த்தபோது, நோயெதிர்ப்புச் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட எதிர்வினை ஒன்றுகூட அப்பிரிவில் வரவில்லை. சோதிக்காத பிரிவில் 2.7 சதவீதத்தினருக்கு வந்தது. எதிர்வினையின் வழி தெரிந்ததால் அது வருவதற்கு முன்பே தடுக்க முடிந்தது. நுரையீரலை முதன்மையாகத் தாக்கும் மருந்துகளில் இத்தகைய முன்சோதனை எதுவும் இன்றுவரை அன்றாட நடைமுறைக்கு வரவில்லை. அது வர வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

எதிர்ப்பாற்றலின் மிகை எதிர்வினைகளுக்கு மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் வகைப்பாடு 1963-இல் கெல், கூம்ப்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் வகுத்தது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் வழியாக நிமிடங்களில் வரும் எதிர்வினை முதல் வகை; அணுக்களின் மேல் எதிர்ப்பொருள் படிந்து அவற்றை அழிப்பது இரண்டாவது; எதிர்ப்பொருளும் அதன் இலக்கும் கூட்டாகத் திரண்டு இரத்தக்குழாய்களில் படிவது மூன்றாவது; டி செல்கள் நாட்கணக்கில் மெல்லத் திரண்டு வருவது நான்காவது. ஹைட்ரலசைன், புரோகைனமைடு போன்ற மருந்துகளால் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் போன்ற நிலை உருவாகி நுரையீரல் உறையில் அழற்சியும் நீர்க்கோப்பும் வருவதுண்டு. அங்கே ஹிஸ்டோன் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருட்கள் இரத்தத்தில் காணப்படும். ஆஸ்பிரின் எடுத்ததும் மூச்சிரைப்பு வருவோரிடம் நடப்பதோ இந்நான்கில் எதுவுமன்று; அழற்சி வேதிப்பொருட்களின் உற்பத்தி மூச்சுக்குழாயை இறுக்கும் லூகோட்ரையீன்களின் பக்கம் திசைமாறுவதால் வருவது அது. இந்த வகைப்பாடு பயனுள்ளதுதான். ஆனால் உண்மையான நோயாளி ஒரு கட்டத்துக்குள் மட்டும் அடங்குவது அரிது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நுரையீரல் மருத்துவர்கள் மிகுதியாகச் சந்திப்பது நான்காவது வகையைத்தான். மெத்தோட்ரெக்சேட்டை எடுத்துக்கொள்வோம். முடக்குவாதத்திற்கு வாரம் ஒருமுறை தரப்படும் இம்மருந்து, லட்சக்கணக்கானோரின் விரல் மூட்டுகளைக் காப்பாற்றி வருகிறது. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள், வறட்டு இருமலும் காய்ச்சலும் படியேறும்போது மூச்சு வாங்குவதும் சில நாட்களிலோ வாரங்களிலோ வளர்ந்து வருகின்றன. மருந்தின் மொத்த அளவுக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு இல்லை. குறைந்த அளவிலும் வருகிறது. மருந்தின் நஞ்சுத்தன்மையே காரணமாக இருந்திருந்தால் அளவு கூடக்கூடப் பாதிப்பும் கூடியிருக்க வேண்டும். அப்படி நடக்காததே எதிர்ப்பாற்றலை நோக்கி விரல் நீட்டும் முதல் தடயம்.

இரண்டாவது தடயம் நுரையீரலுக்குள்ளேயே கிடைக்கிறது. பிராங்கோஸ்கோபி குழாயை உள்ளே செலுத்தி, ஒரு பகுதியில் உப்புநீரைச் செலுத்தி மீண்டும் உறிஞ்சி எடுத்தால், அந்நீரில் நுண்ணறைகளின் அணுக்கள் மிதந்து வரும். புகைபிடிக்காத, நலமாக இருக்கும் ஒருவரிடம் அவற்றில் நூற்றுக்கு 85-க்கு மேல் மேக்ரோஃபேஜ்களாகவே இருக்கும். டி செல்களை உள்ளடக்கிய லிம்போசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் 10 முதல் 15 வரை. ஒவ்வாமையில் பெருகும் ஈசினோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதில்லை. மெத்தோட்ரெக்சேட் அழற்சியில் அந்த விகிதம் தலைகீழாகிறது. நுண்ணோக்கியின் கீழே, விசாலமாக, தூசித்துகள்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டு கிடக்கும் மேக்ரோஃபேஜ்களுக்கு இடையே, கரு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சிறிய, கருநீலமான லிம்போசைட்டுகள் புலம் முழுவதும் இறைந்து கிடக்கும். திசுவை எடுத்துப் பார்த்தால் நுண்ணறைச் சுவர்கள் தடித்திருக்கும். சில இடங்களில் சிறுசிறு கணுக்கட்டிகளாக அணுக்கள் திரண்டிருக்கும். நச்சால் கருகிய திசு இப்படித் தோன்றுவதில்லை. டி செல்கள் அழைக்கப்பட்டு வந்து கூடியதன் அடையாளம் இது.

எதிர்ப்பாற்றலை அடக்கவே தரப்படும் மருந்து, எதிர்ப்பாற்றலால் வரும் அழற்சியைத் தூண்டுவது எப்படி என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மிக நியாயமான கேள்வி அது. எதிர்ப்பாற்றல் என்பது ஒரே ஒரு விசை அன்று. தாக்கும் அணுக்களும் அடக்கும் அணுக்களும் சேர்ந்த சமநிலை அது. மருந்து அச்சமநிலையின் எந்தப் பக்கத்தை எந்த உறுப்பில் அதிகம் தொடுகிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமையும். மூட்டில் அமைதி தரும் அதே மருந்து, ஒருவரின் நுரையீரலில் அமைதியைக் கலைக்கலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். தேவைப்பட்டால் ஸ்டீராய்டு தரப்படுகிறது. ஆனால் அழற்சி வந்தவருக்கு அம்மருந்தை மீண்டும் தொடங்கக் கூடாது. டி செல்களுக்கு நினைவு உண்டு. இரண்டாம் முறை வரும் அழற்சி கடுமையாக இருக்கலாம், உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது.

ஈசினோஃபில்கள் வழியாக வரும் அழற்சி வேறு தன்மையது. டேப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி இதற்குச் சிறந்த சான்று. நுண்ணறைகளின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான கொழுப்புப் படலத்தோடு அம்மருந்து பிணைந்துகொள்கிறது. அதனால்தான் அது நிமோனியாவுக்குப் பயன்படுவதில்லை. அப்படிப் பிணைந்து தேங்கும் மருந்தை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கி டி செல்களுக்குக் காட்ட, அவை இன்டர்லூக்கின்-5 போன்ற செய்திப்பொருட்களைச் சுரந்து எலும்பு மஜ்ஜையிலிருந்து ஈசினோஃபில்களை வரவழைக்கின்றன என்பது இன்று ஏற்கப்படும் விளக்கம். சிகிச்சை தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். கழுவி எடுத்த நீரில் ஈசினோஃபில்கள் 25 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் மருத்துவருக்கு ஐயம் ஏறத்தாழத் தீர்ந்துவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. மருந்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே மூச்சு சீராகத் தொடங்குவது இவ்வகையின் நல்ல அம்சம்.

சிறுநீர்த் தொற்றுக்குத் தரப்படும் நைட்ரோஃபியூரன்டாயின் ஒரே மருந்தாக இருந்தும் இரு முகம் காட்டுகிறது. சில நாட்களிலோ ஓரிரு வாரங்களிலோ காய்ச்சலோடும் இரத்தத்தில் ஈசினோஃபில் உயர்வோடும் வருவது ஒன்று. முன்பு எடுத்தவர்களுக்கு மறுமுறை இன்னும் விரைவாக வரும். தொற்று திரும்பாமலிருக்க மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அதை எடுப்பவர்களிடம் காய்ச்சலே இல்லாமல் மெல்லப் படர்ந்து, நார்த்திசு பெருகி நுரையீரலை இறுக்குவது மற்றொன்று. இரண்டாவதில், மருந்தின் வினையால் ஆக்சிஜனிலிருந்து உருவாகும் வினைத்திறன் மிக்க பொருட்களின் சேதமும் சேர்ந்திருக்கிறது. ‘இத்தனை மாதமாக எடுக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று நோயாளி சொல்வதை மருத்துவர் ஆறுதலாக எடுத்துக்கொள்ள முடியாத மருந்து இது.

இப்போது நான் மிகுந்த அக்கறையோடு எழுத விரும்பும் பகுதிக்கு வருகிறேன். புற்றுநோய் சிகிச்சையையே மாற்றியமைத்த சோதனைச்சாவடித் தடுப்பு மருந்துகளைப் பற்றியது அது. டி செல்களின் மேற்பரப்பில் சிடிஎல்ஏ-4, பிடி-1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன; ஓடும் வண்டிக்குப் பிரேக் எப்படியோ அப்படி இவை டி செல்லின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. புற்றணுக்கள் இந்தப் பிரேக்கை அழுத்தியே தப்பித்துக்கொள்கின்றன. அதை விடுவித்தால் உடலே புற்றைத் தாக்கும் என்பதைக் காட்டியதற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இபிலிமுமாப் 2011-இலும், பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. ஓராண்டுகூடத் தாங்கமாட்டார்கள் என்று கருதப்பட்ட பலர் இன்று பல ஆண்டுகளாக வாழ்கிறார்கள்.

ஆனால் அந்தக் கட்டுப்பாடு புற்றுநோய்க்காக மட்டும் உடலில் அமைந்ததன்று. நுரையீரலின் அடக்கமே பெரிதும் அதை நம்பியிருக்கிறது. பிடி-1 தடுப்பு மருந்து பெறுவோரில் ஏறத்தாழ 3 முதல் 5 சதவீதத்தினருக்கு நுரையீரல் அழற்சி வருகிறது; சிடிஎல்ஏ-4 தடுப்பு மருந்தோடு சேர்த்துத் தரும்போது அது மேலும் கூடுகிறது. கழுவி எடுத்த நீரில் லிம்போசைட்டுகள் பெருகியிருக்கின்றன. அடக்க வேண்டிய ஒழுங்காற்று டி செல்களோ வலுவிழந்து காணப்படுகின்றன. இதற்கு இன்னொரு நுட்பமான காரணமும் சொல்லப்படுகிறது. பிடி-1-ஓடு இணைய வேண்டிய பிடிஎல்-2 என்ற புரதத்துக்கு, நுரையீரலில் ஆர்ஜிஎம்பி என்ற இன்னொரு துணையும் உண்டு. நுரையீரலின் சகிப்புத்தன்மை இந்த இணைப்பையும் சார்ந்திருப்பதை 2014-இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. பிடி-1 அடைபட்டுவிட்டால் பிடிஎல்-2 அந்தப் பக்கம் மிகுதியாகத் திரும்பி, பழைய சமநிலையைக் குலைக்கக்கூடும் என்பது கருத்து. மனிதரில் இது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. புற்றணுவுக்கும் நலமான நுரையீரல் அணுவுக்கும் பொதுவாக உள்ள புரதங்களை ஒரே டி செல் கூட்டம் தாக்குகிறது என்ற விளக்கமும் உண்டு.

இதில் மூன்று விஷயங்கள் வழக்கமான மருந்து அழற்சியிலிருந்து வேறுபடுகின்றன. இவை பொதுமக்களுக்கான கட்டுரைகளில் கட்டாயம் இடம்பெற வேண்டியவை. முதலாவது, காலம். சிகிச்சை தொடங்கிச் சராசரியாக இரண்டு மூன்று மாதங்களில் வந்தாலும், சில நாட்களிலும் வரலாம், ஓராண்டைத் தாண்டியும் வரலாம். இரண்டாவது, ஊசியை நிறுத்தியவுடன் விளைவு நின்றுவிடுவதில்லை. மருந்து ஏற்பியின் மேல் வாரக்கணக்கில் தங்கியிருக்கிறது, கிளர்ந்தெழுந்த டி செல்களோ அதற்குப் பின்னும் இருக்கின்றன. அதனால்தான் ஸ்டீராய்டை விரைவாகக் குறைத்தால், மருந்தை மீண்டும் தராதபோதும் அழற்சி திரும்பி வருகிறது. மிதமான பாதிப்புக்கே நான்கு முதல் ஆறு வாரங்கள் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறார்கள், கடுமையானதற்கு இன்னும் கூடுதலாக. மூன்றாவது, இங்கே மருத்துவர் இரு தீமைகளுக்கு நடுவே நிற்கிறார். அழற்சியை அடக்க எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டும். புற்றை வெல்ல அதே எதிர்ப்பாற்றல் விழித்திருக்க வேண்டும். லேசான பாதிப்பில் மருந்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, சரியானபின் கவனத்தோடு மீண்டும் தொடங்குவதும் உண்டு. மெத்தோட்ரெக்சேட்டில் ஒருபோதும் செய்யக் கூடாதென்று மேலே சொன்னதை, இங்கே எண்ணிப் பார்த்துச் செய்கிறோம். வழி வேறுபட்டதால் விதியும் வேறுபடுகிறது.

எதிர்ப்பாற்றல் தானாகத் தொடங்காமல், சேதத்தைப் பார்த்து வந்து சேரும் இடங்களும் உண்டு. 1960-களில் ஜப்பானில் ஹமாவோ உமேசாவா மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த பிளியோமைசின், விரைப் புற்றுநோயையும் ஹாட்ஜ்கின் நோயையும் குணமாக்க உதவும் மருந்து. அது இரும்போடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. அதைச் செயலிழக்கச் செய்யும் நொதி உடலின் பிற திசுக்களில் போதிய அளவு இருக்க, நுரையீரலிலும் தோலிலும் மட்டும் குறைவாக இருக்கிறது. அணுக்கள் மடியும்போது அவற்றிலிருந்து யூரிக் அமிலமும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறும் வெளியே கசிகின்றன. தொற்று எதுவும் இல்லாமலேயே, இந்தக் கசிவை ஆபத்தின் அறிகுறியாகப் படித்துக்கொள்ளும் என்எல்ஆர்பி3 என்ற, அணுக்களுக்குள் இருக்கும் புரதக் கூட்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியிடச் செய்கிறது. நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களும் லிம்போசைட்டுகளும் வருகின்றன; பிறகு டிஜிஎஃப்-பீட்டா என்ற செய்திப்பொருள் ஆதிக்கம் பெற்று, கொலாஜனை இடைவிடாமல் நெய்யும் அணுக்களை உருவாக்கி, நுரையீரலைத் தழும்பாக்குகிறது. எதிர்ப்பாற்றல் அயல்பொருளை மட்டுமல்லாமல் சேதத்தையும் கண்டு எழுகிறது என்று 1994-இல் பாலி மாட்சிங்கர் முன்வைத்த கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று நுரையீரலில் இல்லை என்பேன். இங்கே அளவு முக்கியம்: மொத்த அளவு 400 அலகுகளைத் தாண்டினால் ஆபத்து வேகமாக உயர்கிறது, அதற்குக் கீழும் வராதென்று சொல்ல முடியாது. பின்னாளில் அறுவை சிகிச்சையின்போது தரப்படும் மிகையான ஆக்சிஜன்கூடப் பாதிப்பைத் தூண்டலாம் என்பதால், முன்பு பிளியோமைசின் பெற்றவர்கள் அதை மயக்கமருந்து நிபுணரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் மேக்ரோஃபேஜ்களுக்குள்ளேயே தேங்குகிறது. கொழுப்பைச் செரிக்கும் நொதியை அது தடுப்பதால், அவ்வணுக்கள் நுரை நுரையாக உப்பிப்போகின்றன. ஆனால் நுரைத்த அணுக்களைக் கண்ட உடனே நோய் என்று முடிவுகட்டக் கூடாது. மருந்து எடுக்கும் நலமானவர்களிடமும் அவை உண்டு. அந்தத் தேக்கத்தோடு அணுச்சேதமும் எதிர்ப்பாற்றலின் எழுச்சியும் சேரும்போதே நோய் வருகிறது. இம்மருந்து உடலிலிருந்து வெளியேற மாதங்கள் ஆகும்; ஆகவே நிறுத்திய பின்னும் அழற்சி வளரலாம்.

ஜப்பானின் அனுபவம் ஒன்றை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கான ஜெஃபிடினிப் மாத்திரைக்கு உலகிலேயே முதலில் 2002 ஜூலையில் அனுமதி தந்த நாடு அது. சில மாதங்களுக்குள் கடுமையான நுரையீரல் அழற்சியும் இறப்புகளும் பதிவாக, அதே ஆண்டு அக்டோபரில் அவசர எச்சரிக்கை வெளியிடப்பட்டது. அம்மாத்திரை தடுக்கும் ஏற்பி, சேதமடைந்த நுண்ணறைச் சுவரைப் புதுப்பிக்கவும் தேவைப்படுவது. பழுதுபார்க்கும் வேலை தடைபட்டால் சாதாரணச் சேதமும் அழற்சியாக முற்றுகிறது. ஜப்பானியரிடம் பிற நாட்டினரைவிட இது கூடுதலாகக் காணப்பட்டது. மூலிகையென்றால் தீங்கில்லை என்று நம்புவோருக்கு இன்னொரு செய்தி: கல்லீரல் நோய்க்காக ஜப்பானில் பரவலாகத் தரப்பட்ட ஷோசைக்கோட்டோ என்ற மூலிகைக் கலவையும் 1990-களில் இதே போன்ற நுரையீரல் அழற்சியையும் இறப்புகளையும் உண்டாக்கியது, இன்டர்ஃபெரான் என்ற மருந்தோடு சேர்ந்தபோது ஆபத்து கூடுதலாக இருந்தது. எதிர்ப்பாற்றல் தன்முன் வந்த மூலக்கூறு ஆலையிலிருந்து வந்ததா, வேரிலிருந்து வந்ததா என்று கேட்பதில்லை.

இவ்வளவு வழிகள் இருந்தும், இந்நோயை உறுதிசெய்ய ஒற்றைச் சோதனை கிடையாது. சி.டி. ஸ்கேனில் பனிமூட்டம் படர்ந்ததுபோல் தெரியும் வெண்மை, தொற்றாலும் வரும், இதயச் செயலிழப்பாலும் வரும், முடக்குவாதமே நுரையீரலைத் தாக்குவதாலும் வரும். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவரிடம் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சைத் தொற்று, மெத்தோட்ரெக்சேட் அழற்சியைப் போலவே தோற்றம் காட்டும். தொற்றை மருந்து அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு மட்டும் கொடுப்பதும், மருந்து அழற்சியைத் தொற்று என்று நினைத்து நுண்ணுயிர்க்கொல்லிகளை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே, காரணமான மாத்திரையைத் தொடர்வதும் இரண்டுமே ஆபத்தானவை. ஆகவே மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, மருந்தின் வரலாற்றையும் நாட்களின் கணக்கையும் வைத்தே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. நோயாளி தரும் தகவலே இங்கே மிகக் கூர்மையான கருவி. முடக்குவாதம் உள்ள ஒரு பெண்மணி மூன்று வாரக் காய்ச்சலோடும் இருமலோடும் எங்களிடம் வந்தார். என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டபோது சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரியவற்றை மட்டும் சொன்னார். வாரத்தில் ஒருநாள் மட்டும் எடுக்கும் மாத்திரையை அவர் மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கூட வந்த மகள் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டிய பிறகுதான் எங்கள் சிந்தனை அந்தப் பக்கம் திரும்பியது. தொற்று இல்லையென்று உறுதியானதும் அதை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தோம். அவர் நலமாக வீடு திரும்பினார்.

ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது இதுதான். மருந்தால் நுரையீரல் பாதிக்கப்பட்ட செய்தியை வெளியிடும்போது, மருந்தின் பொதுப்பெயர், தொடங்கி எத்தனை நாளில் வந்தது, எவ்வகை எதிர்வினை என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதுமாறு தங்கள் செய்தியாளர்களுக்குச் சொல்லுங்கள். ‘உயிரைக் குடிக்கும் மாத்திரை’ என்பது போன்ற தலைப்புகளை அருள்கூர்ந்து தவிருங்கள். மெத்தோட்ரெக்சேட்டைப் பயந்து நிறுத்தியவரின் மூட்டுகள் கோணிப்போவதும், அமியோடரோனைத் திடீரென நிறுத்தியவரின் இதயத்துடிப்பு மீண்டும் தடுமாறுவதும் யாருடைய கணக்கிலும் ஏறாத சேதங்கள். புதிதாக வறட்டு இருமலோ மூச்சு வாங்குவதோ காய்ச்சலோ வந்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமலும், அதேவேளை அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமலும், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று ஒவ்வொரு கட்டுரையின் கீழும் தடித்த எழுத்தில் இடுங்கள். பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் ஏற்பாடுகள், கர்ப்பிணிகள் எடுத்த தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த துயரத்துக்குப் பின் 1968-இல் உலக சுகாதார அமைப்பு தொடங்கிய திட்டத்தின் வழியாகப் பல நாடுகளில் இயங்கி வருகின்றன. நோயாளிகளே நேரடியாகத் தெரிவிக்கும் வசதியும் பல இடங்களில் உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஜெஃபிடினிப்பின் ஆபத்து சில மாதங்களிலேயே வெளிப்பட்டதற்குக் காரணம், பார்த்தவர்கள் பதிவுசெய்ததுதான்.

மருத்துவரிடம் எடுத்துச்செல்லும் பட்டியலைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால் நல்லது. அதில் இப்போது எடுக்கும் மாத்திரைகள் மட்டுமல்லாமல், வாரம் ஒருமுறை எடுப்பவை, மூலிகைகள், முன்பு பெற்று நிறுத்திவிட்ட புற்றுநோய் ஊசிகள், ஒருகாலத்தில் எடுத்து நிறுத்திய இதய மாத்திரைகள் ஆகியவையும், ஒவ்வொன்றும் தொடங்கிய நாளும் நிறுத்திய நாளும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகரான நுரையீரல் மருத்துவர் ஒருவர்